ஐந்து நட்சத்திர அஞ்சடி

நான் கட்டடங்களுக்கு ஏர்கோன் கணக்குப் போடும் பொறியாளன். இந்த அறைக்கு எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் லங்காவியில் உள்ள 'தி டத்தாய்' விடுதியின் வரவேற்பு மண்டபத்தில் நின்றபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. சுவர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. நடுவில் ஒரு குளம், மேலே பெரிய கூரை, சுற்றிலும் காடு. மத்தியானம் இரண்டு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டவில்லை. தங்குவதற்கெல்லாம் போகவில்லை, மதியச் சாப்பாட்டோடு சரி. அதற்கே பர்ஸ் இளைத்துவிட்டது.

இதை வடிவமைத்தவர் கெர்ரி ஹில். 1943-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, 1979-இல் சிங்கப்பூரில் தன் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2018-இல் காலமானார். பாலியில் அமானுசா, தைவானில் தி லாலு, பூட்டானில் அமன்கோரா என்று இந்த நிறுவனத்தின் விடுதிகள் பல நாடுகளில் இருக்கின்றன. வீடுகளும் கட்டியிருக்கிறார்கள். குவீன்ஸ்லாந்தில் உள்ள ஓகில்வி வீடு 2003-இல் ராபின் பாய்ட் விருது பெற்றது. 1993-இல் திறக்கப்பட்ட டத்தாய்க்கு 2001-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

விருதுக்குத் தகுதியான வேலைதான். கடற்கரை விடுதி என்றால் மணலை ஒட்டிக் கட்டுவதுதான் வழக்கம். ஹில் பிரதானக் கட்டடத்தைக் கடலிலிருந்து தள்ளி, மேட்டில், மரங்களுக்கு நடுவே வைத்தார். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டைக் கடந்து இறங்கிப் போக வேண்டும். கரை கரையாகவே கிடக்கிறது.

ஆனால் என் கண் போனது கூரையின் மேல். லங்காவி 6 பாகை வடக்கில் இருக்கிறது. உச்சி வெயில் நேராகக் கூரையில்தான் இறங்கும். காலை, மாலைச் சாய்வெயில் சுவரைச் சுடும். போதாததற்கு மழை. நம் ஊரில் மழை வந்தால் சன்னலைச் சாத்துவோம், சாத்தியதும் உள்ளே அவியும். இறவாரத்தை நன்றாக நீட்டிவிட்டால் வெயிலும் உள்ளே வராது, மழையிலும் சன்னலைச் சாத்த வேண்டாம். ஹில்லின் கட்டடங்களில் நாம் 'அழகு' என்று சொல்வதில் பாதி இந்த நிழல்தான். மீதிப் பாதி, உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் அவர் விடுகிற நடைகள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நிழலிலேயே நடக்கிறோம். (அறைகளுக்குள் ஏர்கோன் உண்டு. அங்கே என் தொழில் தப்பித்தது.)

அந்த நடையில் நின்றபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவர். லயத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஓர் அறை, தகரக் கூரை. பகலில் உள்ளே இருக்க முடியாது. அதனால்தான் எல்லாரும் அஞ்சடியில் கிடந்தார்கள். அரிசி புடைத்தது, பேன் பார்த்தது, சண்டை போட்டது, தாத்தாவைக் கடைசியாகக் கிடத்தியது எல்லாம் அங்கேதான். வறுமை கொடுத்த திறந்தவெளி அது.

தாமானுக்கு வந்ததும் அதை மூடிவிட்டோம். எங்கள் வீடு இருபதுக்கு எழுபது அடி. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், காற்றுக்கு முன்னும் பின்னும்தான் வழி. 1984 கட்டட விதிகள் ஓர் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு காற்று புகும் திறப்பும் கேட்கின்றன. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு நாம் பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டுவோம், முன்னால் காருக்குக் கூரை போட்டு கிரில் அடிப்போம். நடு அறைச் சன்னல் சமையலறைக்குள் திறக்கும். அப்புறம் என்னைப் போல் ஒருவன் வந்து ஒன்றரைக் குதிரைசக்தி போதும் என்பான்.

இங்கேதான் ஹில்லின் வேலை மீது எனக்கு ஒரு குறை. டத்தாயில் சுவரை எடுக்க முடிந்ததற்குக் காரணம் கூரை மட்டுமல்ல. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. திருடன் வர மாட்டான். பக்கத்து வீட்டு டிவி கேட்காது. காடும் காவலரும் சேர்ந்து காக்கிற திறந்தவெளி அது. பத்தடி தள்ளி ஒரு குடும்பம் இருந்தால் அந்த வடிவம் தாங்குமா என்ற கேள்வியை டத்தாய் சந்திக்கவே இல்லை. லயத்து அஞ்சடி, தகரக் கூரையோடும் ஓட்டை வாளியோடும், அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

பெர்த்தில் இதே நிறுவனம் மேற்கு ஆஸ்திரேலிய மாநில நாடக மையத்தையும் நகர நூலகத்தையும் கட்டியிருக்கிறது. அங்கே சாதாரண மனிதன் டிக்கெட்டோடு நாடக மையத்துக்குள் போகலாம், நூலகத்தில் சும்மாவே உட்காரலாம். நம் நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் ஒரு விடுதிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் யாருக்குக் கட்டச் சொல்லி ஆள் அழைக்கிறோம் என்பதும் இதில் இருக்கிறது.

இறவாரத்தை மூன்றடி நீட்ட உலகப் புகழ் கட்டடக் கலைஞர் தேவையில்லை. போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பின்னால் இழுக்க அப்பா முடிவெடுத்தார். நான் படம் வரைந்தேன். நடு அறைச் சன்னலுக்கும் புதுச் சமையலறைக்கும் இடையே அஞ்சடி அகலத்துக்கு, வானம் தெரிகிற மாதிரி, ஓர் இடம் விட்டேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த எடத்துல வாஷிங் மெஷின் வெக்கலாமேடா" என்றார்.

பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.