யாரைக் குறிவைத்த குண்டு?

1970இல் வட அயர்லாந்தின் தெருக்களுக்கு ரப்பர் குண்டு வந்தபோது பிரிட்டிஷ் ராணுவம் அதற்குச் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. கல்லும் பெட்ரோல் குண்டும் வந்து விழும் தூரத்துக்குத் தடி எட்டாது. தடி எட்டாத இடத்தில் வீரர் கையில் மிஞ்சுவது துப்பாக்கி மட்டுமே. இரண்டுக்கும் நடுவே ஒன்று தேவைப்பட்டது. ஹாங்காங்கில் காலனியப் போலீஸ் பயன்படுத்திய மரக்கட்டைக் குண்டை முன்மாதிரியாக வைத்து, சுமார் 15 செ.மீ. நீளமும் 140 கிராமுக்கு மேல் எடையும் கொண்ட கெட்டி ரப்பர் உருளையைச் செய்தார்கள். நேரே ஆளைப் பார்த்துச் சுடக் கூடாது. தரையில் சுட்டால் தெறித்து எழுந்து காலைத் தாக்கும் என்பது கணக்கு.

இந்த ஆயுதத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை முதலில் முழுதாகக் கேட்டுவிட வேண்டும். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் குடிமை உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பாராசூட் படையினர் நிஜத் தோட்டாவால் சுட்டார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். அதே மண்ணில் 1970 முதல் 1975 வரை சுமார் 55,000 ரப்பர் குண்டுகள் சுடப்பட்டன. அவற்றால் இறந்தவர்கள் 3 பேர். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் யாரும் ரப்பர் குண்டை ஒரே வீச்சில் தூக்கி எறிந்துவிட முடியாது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க அயர்லாந்துகூடத் தேவையில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் வரம்பு மீறியதை விரிவாகவே பதிவு செய்தது. அன்று காவலர்கள் கையில் துப்பாக்கிக்குப் பதில் வேறு ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்காதவர் யார்?

ஆனால் அந்த ஏக்கத்துக்குள் ஒரு தவறான ஒப்பீடு ஒளிந்திருக்கிறது. ரப்பர் குண்டைத் தோட்டாவோடு மட்டும் ஒப்பிட்டால் அது எப்போதும் ஜெயிக்கும். நடைமுறையில் அது தோட்டாவின் இடத்தை மட்டுமா எடுத்துக்கொண்டது? 1981இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐரிஷ் குடியரசுப் படைக் கைதி பாபி சாண்ட்ஸும் தோழர்களும் ஒருவர் பின் ஒருவராக இறந்தபோது வட அயர்லாந்து கொதித்தது. அந்த ஓராண்டில் ஏறத்தாழ 30,000 பிளாஸ்டிக் குண்டுகள் சுடப்பட்டன. ரப்பருக்குப் பதிலாக வந்த இவை நேரடியாகவே சுடப்பட்டவை; 7 பேரைக் கொன்றன. எந்த அரசும் ஓராண்டில் தன் குடிமக்கள்மீது 30,000 ஈயத் தோட்டாக்களைச் சுடத் துணிந்திருக்காது. தோட்டாவைச் சுட முடியாத இடத்தில், தடியடியோடு நின்றிருக்க வேண்டிய இடத்தில், சில வேளை எதுவுமே தேவைப்படாத இடத்தில்கூட இந்தக் குண்டு சுடப்பட்டது. கொல்லாது என்ற நம்பிக்கை விசையில் இருக்கும் விரலின் தயக்கத்தைப் போக்கிவிடுகிறது. இந்த ஆயுதத்தின் முதல் குறை இதுதான்.

எம்மா குரோவ்ஸின் கதை இதற்குச் சாட்சி. 1971 நவம்பரில் பெல்ஃபாஸ்டில் அக்கம்பக்கத்து வீடுகளை ராணுவம் சோதனையிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் கலங்கியிருந்தவர்களுக்குத் தெம்பூட்ட, 11 பிள்ளைகளின் தாயான அவர் தன் வீட்டில் ஒரு தேசியப் பாடலின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றார். சில கஜ தூரத்திலிருந்து ஒரு வீரர் சுட்ட ரப்பர் குண்டு அவருடைய இரு கண்களையும் பறித்தது. அங்கே கலவரம் எதுவும் இல்லை. பின்னாளில் அவர் பிளாஸ்டிக் குண்டுகளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் அங்கே மொத்தம் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் சிறுவர் சிறுமியர்.

பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள் இந்தக் குண்டின் ஆபத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். ரப்பர் குண்டால் காயமடைந்து தங்களிடம் வந்த 90 பேரைப் பற்றி 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். இருவருக்கு இரு கண்ணும் போயின. ஐவருக்கு ஒரு கண்ணின் பார்வை பெரிதும் கெட்டது. 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, பல நாடுகளின் மருத்துவக் கட்டுரைகளைத் திரட்டி 1,984 பேரின் காயங்களைப் பரிசீலித்தது. 53 பேர் இறந்திருந்தார்கள். 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஊனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தலையிலோ கழுத்திலோ பட்ட அடியால் வந்தவை. தலையைக் குறிவைக்கக் கூடாது என்று சொல்லாத போலீஸ் கையேடு இருக்காது. அப்படியும் தலையில்தான் பட்டிருக்கிறது.

ஏன் என்பதற்குப் பாதி விடை இயற்பியலில் இருக்கிறது. மழுங்கிய உருளை காற்றில் உருண்டு புரண்டு போகும். தரையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவருக்கே தெரியாது. தூரத்தில் வலியாவது தரும் வேகத்தில் சுட்டால், அருகில் நிற்பவரின் மண்டையை அது உடைக்கும். அருகில் இருப்பவருக்குப் பாதுகாப்பாக வேகத்தைக் குறைத்தால் தூரத்தில் பயன் இல்லை. கூட்டமோ ஒரே தூரத்தில் அசையாமல் நிற்பதில்லை. குனிகிறது, ஓடுகிறது, முன்னால் இருப்பவர் விலகப் பின்னால் இருப்பவர் தெரிகிறார்.

இந்தக் குறைகள் எல்லாம் உச்சத்துக்குப் போன இடம் காஷ்மீர். 2010 கோடையில் அங்கே போராட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் பெல்லட் துப்பாக்கி கொண்டுவரப்பட்டது. நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. கல்லடி பட்டு மண்டை உடைந்த காவலர்களின் எண்ணிக்கையும் அங்கே சிறியதல்ல; கல்லெறிதல் ஆபத்தில்லாத விளையாட்டு என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் காவலர் கைக்கு வந்தது பறவை சுடும் வகையைச் சேர்ந்த 12 போர் (bore) அளவுத் துப்பாக்கி. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான உலோக ரவைகள். ஒன்பதாம் எண் ரவையின் விட்டம் சுமார் 2 மி.மீ. குழலை விட்டு வெளிவந்ததும் அவை விரியும். தூரம் கூடக் கூட இன்னும் விரியும். இடுப்புக்குக் கீழே சுட வேண்டும் என்ற விதியை இந்தத் துப்பாக்கியால் கடைப்பிடிக்க முடியாது. சுடுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. பெரிய உருளைக் குண்டைக் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு ஓரளவாவது தடுக்கும். 2 மி.மீ. ரவை நேரே விழிக்குள் புகுந்து விழித்திரையைக் கிழித்துவிடும்.

2016 ஜூலை 8 அன்று ஆயுதக் குழுத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்டதும் பள்ளத்தாக்கு வெடித்தது. அதன்பின் 32 நாட்களில் சுமார் 13 லட்சம் ரவைகளைச் சுட்டதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படையே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. நாளொன்றுக்கு 40,000. ஸ்ரீநகர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவு நிரம்பி வழிந்தது. மும்பையிலிருந்து டாக்டர் எஸ். நடராஜன் தலைமையில் விழித்திரை நிபுணர்கள் போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஏழரை மாதங்களில் 6,221 பேர் ரவைக் காயம் அடைந்தார்கள், அவர்களில் 700க்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் காயம் என்று மாநில அரசு பின்னர் சட்டமன்றத்தில் தெரிவித்தது. உயிரிழப்பாவது நின்றதா? அந்த ஆண்டும் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். தோட்டா போன இடத்துக்கு ரவை வரவில்லை. தோட்டாவோடு சேர்ந்து வந்தது.

பெல்லட்டைத் தடை செய்தால் ரைஃபிளை எடுக்க வேண்டியிருக்கும், சாவு கூடும் என்று அந்தப் படை வாதிட்டது. களத்தில் இருப்பவர்தான் எந்த ஆயுதம் என்று முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை கோரிக்கையை நிராகரித்தது. மிளகாய்க் காரம் போன்ற நெடியைப் பரப்பும் பாவா குண்டுகள் மாற்றாக வந்தன, பெல்லட் போகவில்லை. ரவை மேலே எழாமல் தடுக்கக் குழல் முனையில் தகடு பொருத்தினார்கள். ரவை விரியும் என்ற அடிப்படைக் குறையைத் தகடு தீர்க்காது.

சிலியில் 2019 அக்டோபரில் தொடங்கிய போராட்டங்களில் 400க்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தார்கள். ரப்பர் என்று சொல்லிச் சுடப்பட்ட ரவைகளைச் சிலி பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது ரப்பர் 20 சதவீதம்தான் இருந்தது. மீதி சிலிக்கா, பேரியம் சல்ஃபேட், ஈயம். சில நாட்களில் போலீஸ் தலைமை அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. ஓர் ஆய்வகச் சோதனைக்கு அவ்வளவு சக்தி இருந்தது. குண்டை வாங்கும் முன்பே அதைச் செய்திருந்தால் எத்தனை கண்கள் மிஞ்சியிருக்கும்?

அப்படியானால் முழுத் தடையா? கட்டலோனியாவில் 2012இல் ஒரு பெண் கண்ணை இழந்த வழக்கு பெரிதானபின், 2014 முதல் ரப்பர் உருண்டைகளுக்குத் தடை வந்தது. ஆனால் அங்கேயும் போலீஸ் கைக்கு ஃபோம் குண்டு வந்தது. என் முடிவு வேறொரு கோட்டில் நிற்கிறது. ஒரு குண்டு, ஒரு ஆள், ஒரு காரணம்: இப்படிச் சொல்லக்கூடிய ஆயுதத்துக்கு மட்டும், கடும் நிபந்தனையோடு இடம் தரலாம். ஒரே நேரத்தில் பலரைத் தாக்கும் சிதறு ரவைக்கு எந்த நிபந்தனையோடும் இடம் தர முடியாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உலோக ரவை கூடவே கூடாது என்கிறது. மற்ற குண்டுகளையும், பிறருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் குறிப்பிட்ட நபரின் கால்களையோ அடிவயிற்றையோ நோக்கி மட்டுமே சுடலாம் என்கிறது. அடிவயிறு பாதுகாப்பானது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. குடலும் சிறுநீர்ப்பையும் அங்கேதான் இருக்கின்றன.

இந்தக் கோடு நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்கு வட அயர்லாந்தே ஆதாரம். அங்கே இத்தகைய குண்டால் கடைசியாக ஒருவர் இறந்தது 1989இல். 2000இல் போலீஸ் ஆம்புட்ஸ்மன் என்ற சுதந்திர அமைப்பு தொடங்கப்பட்டபின், போலீஸ் சுட்ட குண்டுகள் பற்றி அது விசாரிக்க ஆரம்பித்தது. 2005இல் வந்த புதிய குண்டின் முனை உள்ளீடற்றது. பட்டதும் நசுங்கி அடியின் வேகத்தைக் குறைக்கும். அதன்பின்னும் பெல்ஃபாஸ்டில் பெரிய கலவரங்கள் நடந்தன, குண்டுகளும் சுடப்பட்டன. குண்டின் வடிவம் மாறியது உதவியிருக்கும். சுட்டவர் பெயர் எழுதப்படும், ஏன் சுட்டாய் என்று வெளியாள் ஒருவர் கேட்பார் என்ற நிலை அதைவிட அதிகமாக உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

இந்தியாவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகக் காவலர்மீதோ படையினர்மீதோ வழக்குத் தொடர, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 151ஆம் பிரிவுப்படி அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. அனுமதி கிடைத்தாலும் ரவைக் காயத்தில் இன்னொரு சுவர் இருக்கிறது: விழிக்குள்ளிருந்து எடுத்த 2 மி.மீ. ரவை எந்தக் குழலிலிருந்து வந்தது என்று எந்தத் தடயவியல் நிபுணராலும் சொல்ல முடியாது. ரைஃபிள் தோட்டாவில் குழலின் வரிகள் பதியும், ரவையில் பதியாது. ஆகவே, காவலருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு தோட்டாவும் எண்ணோடும் பெயரோடும் பதிவேட்டில் ஏற வேண்டும். சுட்டபின் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவு மாஜிஸ்திரேட் கைக்குப் போக வேண்டும். கண்ணிலோ தலையிலோ காயம் என்றால் முன் அனுமதி கேட்காமல் விசாரணை தொடங்க வேண்டும்.