பத்தாவது ரசம்

ஒரே கவிதை நூலில் ரசிகன் சுவையைத் தேடுவான்; புலவன் பிழையைத் தேடுவான். குற்றத்தைத் தேடிப் படிப்பவன் கையில் அந்நூல் என்னவாகும் என்பதற்கு, இலங்கை மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் ‘நவரசம்’ சான்றாகிவிட்டது.

2017இல் வெளிவந்த அத்தொகுதியில் போரையும் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் உள்ளன. 2019இல் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. அக்கொடியோரைக் கண்டறிந்து தண்டிப்பது அரசின் கடமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தேடல் கவிதையேட்டுக்குள்ளும் புகுந்தது. 2020 மே மாதம், தமிழாசிரியராகப் பணியாற்றிய இக்கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். தீவிரவாதத்தைப் புகட்டும் நூல் என்பதே ‘நவரச’த்துக்குப் புலனாய்வாளர் கண்ட பொருள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நூலைத் திறனாய்வதோடு, அந்நூலைப் படித்த சட்டத்தையும் நாம் திறனாய்ந்தாக வேண்டும். அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் உள்ளன. மூன்றாண்டுகளுக்கென 1979இல் பிறந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அமைச்சருக்குச் சந்தேகம் எழுந்தால் போதும். ஒருவரை மும்மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை விசாரணையின்றித் தடுத்துவைக்கலாம் என்றது அது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வெல்லையை 12 மாதங்களாகக் குறைத்தது; சந்தேகமே போதும் என்ற அடிப்படையை அது தொடவில்லை. சமூகங்களுக்கிடையே பகையுணர்வை விளைவிக்கும் எழுத்தும் அச்சட்டத்தில் குற்றம். இதன்கீழ்தான் பத்திரிகையாளர் திஸ்ஸநாயகம் தம் கட்டுரைகளுக்காக 2009இல் 20 ஆண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பெற்று, மறு ஆண்டு மன்னிப்புப் பெற்றார்.

அதே நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ, குற்றம் எண்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்று 13ஆம் உறுப்புரையிலும், பேச்சுச் சுதந்திரம் உண்டு என்று 14ஆம் உறுப்புரையிலும் உறுதி கூறுகிறது. ஆயினும் நிறைவேறிவிட்ட சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று அதன் 80ஆம் உறுப்புரை கதவடைக்கிறது. ஒரு கை வழங்கியதை மறு கை பற்றிக்கொண்ட கதை இது.

கவிதைக் கலையின் அரிச்சுவடி ஒன்றுண்டு: பாடலில் பேசுபவர் வேறு, பாடியவர் வேறு. குறிஞ்சியில் தலைவி பேசுகிறாள், கபிலர் பேசவில்லை. ஒன்பது ரசங்களில் வெகுளியும் அச்சமும் அருவருப்பும் உண்டு. வெகுளியைப் பாடியவன் வெகுண்டெழச் சொன்னான் என்றும், கொடுமையைச் சித்திரித்தவன் கொடுமையை விரும்பினான் என்றும் கொண்டால், உலகில் எந்தக் காவியம் தப்பும்?

கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் மத்ரஸா மாணவர் அறிவர். தண்டனைக்குரியவராய் அறிவிக்கப்பட்டிருந்த அக்கவிஞர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்து பாடினார். பாடலின் தொடக்கம் ஸுஆத் என்னும் பெண்ணின் பிரிவைப் பற்றியது. நபியவர்கள் அதை முழுதும் செவிமடுத்தார்கள், போர்வையைப் பரிசளித்தார்கள். முழுதும் கேட்டபின் தீர்ப்பு என்பதே நமக்கு அதில் பாடம். யகீன் என்னும் உறுதி வெறும் ஷக்கினால் நீங்காது என்பதும், மனிதன் பிறவியிலேயே பழியற்றவன் என்பதும் ஃபிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடங்கள். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை நமக்கு அந்நியமன்று.

‘நவரச’த்தின் கவித்துவம் குறித்து அறிஞர்கள் வேறுபடலாம், அவ்வழக்கைத் தீர்க்கத் திறனாய்வாளர் மன்றம் இருக்கிறது. நீதிமன்றம் விடுவித்தது, நன்று. ஆனால் கழிந்த 19 மாதங்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. அதைவிட எனக்குக் கவலை தருவது, இன்று எங்கோ ஓர் இளைஞன் தான் எழுதிய நல்ல வரியொன்றைத் தானே அடித்துவிடுவானே என்பதுதான். அவ்வரியை எந்தப் பதிப்பிலும் நாம் காணமாட்டோம். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

ரசங்கள் ஒன்பதே. சந்தேகத்தைப் பத்தாவதாகச் சேர்க்கும் உரிமை எந்தச் சட்டத்துக்கும் இல்லை. இதை உரக்கச் சொல்லும் பொறுப்பு வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் படித்த நம் அனைவருக்கும் உரியது.