ஒட்டுத் தெரியாத இடம்

ரெட்டியார்சத்திரத்தில் பழனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம். டீக்கடை ஸ்பீக்கரில் சித்ரா பாடிக்கொண்டிருந்தார். 'சிந்து பைரவி' படத்துக் கிராமத்துப் பாட்டு. காலிப் பூக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திடீரென்று நிமிர்ந்தார். "நம்ம வயக்காட்டுப் பாட்டுதான தம்பி, இது எப்பக் கச்சேரியாச்சு?" என்றார். பாட்டு அதற்குள் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'வில் ஏறியிருந்தது.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவை ரசிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

1985-இல் கே. பாலசந்தர் எடுத்த படம் அது. பாகவதரிடம் தமிழில் பாடச் சொல்லும் சிந்து, தானே பாடிக் காட்டும் கட்டம். நாட்டுப்பாட்டாக நடந்து வருவது சாரமதி ராகம்; நடபைரவியில் பிறந்தது. ஏறும்போது ஏழு சுரத்தையும் படிப்படியாகத் தொடும். இறங்கும்போது பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் விட்டுவிட்டுத் தாண்டித் தாண்டி வரும். களையெடுக்கும் பெண்கள் பாடும்போது வரி முடிகிற இடத்தில் குரல் சட்டென்று விழுமே, அந்த விழுகை இதிலும் என் காதுக்குக் கேட்கிறது.

'மரி மரி நின்னே' காம்போதிக் கிருதி. அதை அப்படியே வைத்திருந்தால் இரண்டும் இரண்டு துணியாக நின்றிருக்கும். நடுவில் தையல் பல்லிளித்திருக்கும். ராஜா கிருதியையே சாரமதிக்கு அழைத்து வந்தார். கிருதியின் ராகத்தை மாற்றலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கோ, சிந்துவின் வாதத்தை வசனத்தைவிட அந்த ராகம்தான் ஜெயிக்க வைத்தது. இந்தப் பாட்டுக்குச் சித்ராவும், படத்தின் இசைக்கு ராஜாவும் தேசிய விருது பெற்றார்கள்.

இந்தத் தையல் அவருக்கு ஒரு நாளில் கைவந்ததில்லை. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போனவர். நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தை முதல் அடியிலேயே உட்கார வைக்க வேண்டிய மேடை அது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை; ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது மூன்று பள்ளிக்கூடமும் ஒரே கைக்குள் இருந்தன.

திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை ரோட்டில் போனால் காந்திகிராமம். அங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகம் 2022-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. இரண்டு சேதியும் வந்தபோது எனக்கு அந்தப் பூக்கூடைதான் ஞாபகம் வந்தது.

பதில் சொல்வதற்குள் அன்று பஸ் வந்துவிட்டது. பெரியவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும்: "மொத அடியிலயே ஆயிருச்சுங்கய்யா."