பங்குனிக்கு முந்தின தோட்டம்

மழைக்கு அணைத்த மண்ணை வெயிலுக்குக் கலைக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தையும் மாசியும் இந்த வேலைக்கான மாதங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கத்தரி, மிளகாய்ச் செடிகளின் தூரில் மண்ணை இழுத்து மேடாக்கியிருப்போம். வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும் என்ற பயம். பொங்கல் கழிந்து பனியும் குறையத் தொடங்கியதும் அதே மேட்டைக் கொத்தி, மண்ணைத் தூரிலிருந்து வெளியே தள்ளி, வட்டமாக வரப்பு எடுத்துப் பள்ளப்பாத்தி ஆக்குகிறோம். கார்த்திகையில் வழிந்து ஓடச் சொன்ன தண்ணீரை மாசியில் நின்று இறங்கச் சொல்கிறோம். மண் அதேதான், களைக்கொத்தும் அதேதான், வேலை மட்டும் நேர் எதிர். தேர்ந்த கை வெட்டிய பாத்தியைக் கவனித்துப் பாருங்கள். தூரடி மட்டும் ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும். தண்ணீர் தண்டை நனைக்காமல் சுற்றி நிற்கும். உறிஞ்சும் வேர்கள் விளிம்புப் பக்கம் பரவியிருக்கின்றன என்பது தெரிந்த கை அது.

இதே நுட்பம் தென்னையடியில் இன்னும் அழகாக இருக்கிறது. தேங்காய் மட்டையை மண்ணுக்குள் புதைப்பதாக இருந்தால் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். கோடைக்கு மூடாக்காக மேலே பரப்புவதாக இருந்தால் முதுகு மேலே இருக்க வேண்டும். உள்ளே இருப்பது தண்ணீரை ஏந்திக்கொள்ள, வெளியே இருப்பது வெயிலைத் தடுக்க. ஒரு மட்டையைக் கவிழ்ப்பதிலும் நிமிர்த்துவதிலும் இவ்வளவு காரணம்! மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு நூறு மட்டை பரப்பலாம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. வீட்டில் உரித்த மட்டைகளைத் தண்ணீர் காய்ச்ச அடுப்பில் வைக்காமல் சேர்த்து வைத்தாலே ஒரு மரத்துக்குப் போதும்.

ஆனால் இந்தப் பருவத்தின் முழு நயத்தையும் பார்க்க வேண்டுமானால் மல்லிகைப் பந்தலுக்குத்தான் வர வேண்டும். மூன்று மல்லிகைக்கு மூன்று மாதம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதத்துக்கு ஒன்றாகக் கவாத்து வரிசையில் நிற்கிறது. குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுகிறார்கள். மீதி இலைகளையும் உருவிவிடுவார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு வயிறு பகீர் என்னும். பச்சைப் புதராக நின்றது முழங்கால் உயரக் குச்சிகளாகிவிடும்.

அந்தக் குச்சியைக் குனிந்து பார்க்க வேண்டும். மல்லிகையில் இலைகள் எதிரெதிராக, ஜோடியாக அமைந்தவை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை, ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இரண்டும் விழித்துக்கொள்கின்றன. முதலில் ஊசிமுனை அளவு பச்சை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சில நாளில் இரண்டு தளிர். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு கிளை. மல்லிகை பழைய கட்டையில் பூப்பதில்லை. புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே கத்தி ஒவ்வொரு கணுவிலும் பூவை இரட்டிப்பாக்கிவிட்டுப் போகிறது. தளிர் நீண்டு, நுனியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக அரும்பு கட்டும். மூன்றில் நடு அரும்பு முதலில் பருக்கும். பக்கத்து இரண்டும் பின்னால் வரும். ஒரே காம்பிலிருந்து இன்றைக்கு ஒன்று, மறுநாளோ அதற்கடுத்த நாளோ இன்னொன்று என்று பறிக்க முடிவது இதனால்தான். பங்குனி, சித்திரையில் தெருவே மணக்கும்போது நாம் வெயிலுக்கு நன்றி சொல்கிறோம். பாதி நன்றி அந்தக் குளிர்கால வெட்டுக்குச் சேர வேண்டியது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே ஒழுங்குதான்.

அவரைப் பந்தலில் வேறு விதமான நயம். பொங்கல் கூட்டுக்குக் காய் கொடுத்த கொடி மாசியில் ஓய்கிறது. வெயில் ஏறியதுதான் காரணம் என்று நினைப்போம். ஆனால் பந்தல் அவரை பகல் குறுகிய நாட்களில் பூக்கிற இனம். பகல் நீள நீளப் பூ நின்றுவிடும். கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினி மொய்த்திருக்கும். விதைக்கு நாலு காயை முற்றவிட்டுப் பறித்தபின், கொடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுவதே நல்லது. வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் இருக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்தவை அவை. வேர் மண்ணுக்குள்ளேயே மக்கினால் அடுத்த கொடிக்கு உரம். அதே குழியில் தையிலேயே பாகலோ புடலோ ஊன்றியிருந்தால், கத்திரி வெயில் வருவதற்குள் பந்தல் மறுபடி மூடிக்கொள்ளும். அதன் நிழலில் கீரைப் பாத்தி வாடாமல் இருக்கும். பச்சை நிழல்வலை வாங்க ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: கொடி தரும் நிழல் காயும் தரும்.

வெண்டை விதையை முதல்நாள் இரவு ஊறவைத்து ஊன்றலாம். கறிவேப்பிலை குளிரில் அடம்பிடித்து நின்றிருக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும், பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிட்டால் இலை நிறையக் கிடைக்கும். முருங்கை இப்போது பூத்திருக்கிறது. அதன் பக்கம் அரிவாளைக் கொண்டுபோக வேண்டாம்.

மாசியில் வேம்பு இலை உதிர்க்கும். முற்றம் முழுக்க மஞ்சள் சருகு. பெருக்கிப் பெருக்கி அலுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால், மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத் துளிர். தொட்டால் ஈரமாக இருக்கிறதோ என்று தோன்றும் பளபளப்பு. இன்னும் சில வாரத்தில் சித்திரைப் பிறப்பின் பச்சடிக்கு அந்த மரமே பூவும் தரும். கோடை நெருங்குகிற நேரம் பார்த்து ஒரு மரம் தன் பழைய இலை அத்தனையையும் தரையில் இறக்கிக் கொடுக்கிறது. தரைக்கு மூடாக்கு தேவைப்படுவதும் அப்போதுதான். இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை.

அந்தச் சருகைக் கூட்டித் தெருவோரம் கொளுத்துகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெட்டி வைத்த பாத்திகளில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்து அமர்த்துங்கள். தூருக்கு ஒரு சாண் விட்டுப் போடுங்கள். கறையான் ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் படும்.