‘ஹரிதாஸ்’ திரைப்படத்தில் ஆட்டிசக் குழந்தையின் வகுப்பறை: புலனுணர்வு நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

ஜி.என்.ஆர். குமரவேலன் இயக்கத்தில் 2013 பிப்ரவரி மாதம் வெளிவந்த ‘ஹரிதாஸ்’, ஆட்டிசம் உடைய சிறுவனை மையப் பாத்திரமாகக் கொண்ட திரைப்படமாகும். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை புரிவதை ஆட்டிசத்தின் அடையாளக் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இக்கூறினை அளவுகோலாகக் கொண்டு படத்தின் பள்ளிச் சித்திரிப்பை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கதையின் தீர்வு

காவல்துறை அதிகாரி சிவதாஸ் தம் மகன் ஹரியை அரசுப் பள்ளியில் சேர்க்கிறார். ஆசிரியை அமுதவல்லி அவனை அரவணைக்கிறார். குழந்தையை நகைப்புக்கோ வெற்று இரக்கத்துக்கோ உரியவனாக்காமல், பொதுப்பள்ளியில் அவனுக்கு இடமுண்டு எனக் கூறியது இப்படத்தின் தனிச்சிறப்பு. ஆயினும் கதையின் உச்சம் ஓட்டப்பந்தயத்தில் அமைகிறது. ஹரி வெல்வது திறந்த வெளியில். வகுப்பறை பழையபடியே இருக்கிறது. தந்தையின் அன்பு, ஆசிரியையின் பரிவு, சிறுவனின் திறன் ஆகிய மூன்றும் மாறாத வகுப்பறைக்கு ஈடாக நிற்கின்றன. ஓடத் தெரியாத குழந்தைக்கு இக்கதையில் விடை இல்லை.

சொல்லும் பொருளும்

இக்குறை படத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழக அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையோரைக் குறிக்க வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்னும் தொடரும் குழந்தையை வெளியிலிருந்தே நோக்குகிறது. அறிவைப் புலன்வழி அறிதலாகக் கொண்டு உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது தொல்காப்பிய மரபியல். அம்மரபுடைய மொழியில், புற உலகின் ஓசையும் ஒளியும் அளவுமீறி வந்து தாக்கும் குழந்தைக்கு இப்பெயர் அமைந்தது முரணாகும். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை உலகை அறியாதது அன்று; உலகைத் தாங்க இயலாதது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசிப்பு

இம்முரண் வடசென்னையில் கூர்மை பெறுகிறது. கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் பாதைகளால் சூழப்பட்ட பகுதி. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும், அருகிலுள்ள கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றமும் அங்கு அன்றாட வாழ்வின் பகுதிகள். இத்தகைய சூழலில் அமைந்த பள்ளிக்குள் வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, மணியோசை, தோளோடு தோள் உரசும் பெஞ்சு, சத்துணவு வேளையில் தட்டுகள் எழுப்பும் ஓசை ஆகியனவும் சேர்கின்றன. பிற குழந்தைகளின் செவி பின்னணியாக ஒதுக்கிவிடும் இவை, ஆட்டிசக் குழந்தைகள் பலருக்கு ஆசிரியரின் குரலுக்கு இணையான வலிமையுடன் கேட்கக்கூடும். அப்போது எழுந்து ஓடும் குழந்தை ‘அடங்காதவன்’ எனப் பெயர் பெறுகிறது. திரையில் திறனாகப் போற்றப்படும் ஓட்டம் வகுப்பறையில் குற்றமாகிவிடுகிறது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமளித்து, அங்குப் பகல்நேர ஒலிக்கு 50 டெசிபல் வரம்பிடுகின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தேவைக்கேற்ற தகவமைப்புகளைச் செய்து தருவதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது. சாலையை நோக்கிய சன்னலிலிருந்து விலகிய இருக்கை, மணி ஒலிக்குமுன் ஓர் அறிவிப்பு, ஒலி தடுக்கும் காதுறை, சற்றுநேரம் ஒதுங்கியிருக்க அமைதியான ஒரு மூலை, நெரிசலுக்கு முன்பே உணவு ஆகியன பெருஞ்செலவு வேண்டாத தகவமைப்புகள். இவற்றை ஆசிரியையின் பரிவாக மட்டும் காணும் கதை, அவர் பணிமாறிச் சென்றபின் குழந்தையின் நிலை என்ன என்னும் வினாவை எழுப்புவதில்லை. உரிமையோ ஆசிரியர் மாறினாலும் நிலைக்க வேண்டியது.

முடிவுரை

‘ஹரிதாஸ்’ ஆட்டிசக் குழந்தையைப் பொதுப்பள்ளியின் வாயிலுக்குள் அழைத்து வந்தது. அது காலத்தால் செய்த பணி. உள்ளே வந்த குழந்தை எதைக் கேட்கிறது, எதை நுகர்கிறது, எது அதன் உடலை உறுத்துகிறது என்பவை அடுத்துவரும் படைப்புகளுக்கு உரியவை. அவற்றை மதிப்பிடும் திறனாய்வும் குழந்தை வென்றதா என்பதோடு நில்லாமல், வகுப்பறை மாறியதா என்று வினவுதல் வேண்டும்.