பீலிக்கு மேலே ஓர் ஊர்

இறம்பொடைக்கு வருகிறவர்கள் 109 மீற்றர் நீர்வீழ்ச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கட்டும், பேரழகுதான். எனக்கு மட்டும் தேயிலை மலைக்குள், லயத்துப் பீலிக்கு மேலே, மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்து வரும் ஊற்றுக்கண்தான் அதிசயம். அங்கே குந்தினால் எழும்ப மனமே வராது!

ஒரு கல்லை மெல்லப் பிரட்டுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சித் தட்டைப்புழுக்கள் அடியில் ஒதுங்கும். நீரோட்டம் படுகிற பக்கத்தில் மே ஈயின் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் படிந்திருக்கும். ஊறிய இலைக் குவியலில் இலை தின்னிகள், பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இன்னொரு கூட்டம். ஒரு சாண் இடத்துக்குள் எத்தனை குடியிருப்பு!

இந்த இடத்தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. கல்லில் மோதி விழுந்து ஓடும்போதுதான் அது காற்றைக் குடிக்கிறது. அதனால் ஊற்றுக்கண்ணில் இருப்பவர்கள் வேறு, நாலடி கீழே இருப்பவர்கள் வேறு. மலையில் பனி கொட்டினாலும் வெயில் காய்ந்தாலும் ஊற்றின் குளிர்ச்சி பெரிதாக மாறுவதில்லை. விழுங்க மீனும் அதிகம் வராது. சின்ன உயிர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது ஹெலிகோசைக்கி. பூச்சியின் குடம்பிதான், ஆனால் மணல் துணிக்கைகளைப் பட்டுநூலால் ஒட்டி, அச்சு அசலாக நத்தை ஓடு போலவே வீடு கட்டிக்கொள்கிறது. 1834இல் அமெரிக்க ஆய்வாளர் ஐசக் லீ அதை நத்தை என்றே நம்பி, நத்தைக் குடும்பத்தில் சேர்த்துப் பெயரும் வைத்துவிட்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அவர்மேல் குற்றம் சொல்லத் தோன்றாது.

நண்டைச் சொல்லாமல் விடமுடியுமா? இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஏறக்குறைய ஐம்பது இனம். அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை! மலைநாட்டு நண்டுகளில் ஒரு பேரினத்துக்குப் பெர்பிரிங்கியா என்று பெயர். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே வந்து உயிரினங்களைச் சேகரித்த பேர் பிரிங்க்கை நினைத்து வைத்தது. கடல் நண்டின் குடம்பிகள் அலையில் மிதந்து வளரும். இங்கே மிதந்தால் ஆற்றோடு கொத்மலைக்குப் போகவேண்டியதுதான். அதனால் நன்னீர் நண்டு முட்டைக்குள்ளேயே முழு நண்டாக வளர்ந்து, வெளிவந்த பிறகும் கொஞ்சக் காலம் தாயின் வயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டு திரியும். அந்தத் தாய் நண்டை ஒருமுறை பார்த்தவர் கல்லைக் காலால் உதைக்கமாட்டார்.

ஊற்றைத் துப்புரவு செய்யும்போது பாசியையும் இலையையும் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள். தேயிலைக்கு மருந்தடிக்கும் டாங்கியை ஊற்றுக்குப் பக்கத்தில் கழுவவே வேண்டாம். பிரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.