பெயர் ஏறிய நாள்: தஞ்சைப் பகுதித் திருச்சபைப் பதிவேடுகளை வாசித்தல்

தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றை எழுதுவோர் எண்களைத் தயக்கமின்றி எடுத்தாள்கின்றனர். இன்ன ஆண்டில் இத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், இத்தனை பேர் நற்கருணை பெற்றனர் என்னும் கணக்குகள் ஹாலே நகரில் 1710 முதல் அச்சான மிஷன் அறிக்கைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் கூட்டிச் 'சபை வளர்ச்சி' என்று பெயரிடுவது வழக்கமாகிவிட்டது. உறுப்பினர் பதிவேடு மக்கள்தொகைக் கணக்கு அன்று. யாரை, எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் ஏற்பது என்று சபை செய்த முடிவுகளின் வரிசை அது. இவ்வேறுபாட்டைக் கருதாத ஆய்வு, சபையின் தீர்ப்பையே உறுப்பினரின் வரலாறாகக் கொண்டுவிடுகிறது.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1707 மே 12இல் அங்கு முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியரிடம் அடிமைகளாய் இருந்தவர்கள். அந்த 'ஐந்து' என்னும் எண்ணில் அவர்களுடைய விருப்பம் எவ்வளவு, உடையவரின் இசைவு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. தஞ்சைப் பகுதியில் உபதேசியாராய் உழைத்த இராஜநாயக்கன் முன்பே கத்தோலிக்கர்; திருமுழுக்குக் கணக்கை மட்டும் வாயிலாகக் கொள்பவருக்கு அவர் வந்த தடம் அகப்படாது. பறையர் சமூகத்தவர் என்பதால் அவருக்குக் குருப்பட்டம் தரப்படவில்லை. அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர் இசையார் என மிஷனரிகள் அஞ்சினர். ஒரே சபைக்குள் உறுப்பினர் என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

குளோரிந்தாவின் நேர்வு இதினும் கூர்மையானது. தஞ்சையைச் சேர்ந்த மராத்திப் பிராமணக் கைம்பெண்ணாகிய அவர், லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியுடன் வாழ்ந்துவந்தார். திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி வாழும் அவ்வுறவைக் காரணம் காட்டிச் சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பின்னர், 1778இல் பாளையங்கோட்டையில் அவரே திருமுழுக்கு அளித்தார். 1780இல் அங்கு எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் உள்ளனர். பதிவேட்டின்படி குளோரிந்தாவின் கிறித்தவ வாழ்வு 1778இல் தொடங்குகிறது. அவர் நம்பிய ஆண்டுகளுக்கும் காத்திருந்த ஆண்டுகளுக்கும் அதில் கட்டம் இல்லை. 1915இல் அ. மாதவையா அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதியமைக்கு இவ்வெற்றிடமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆவணம் நிறுத்திய இடத்தில் புனைவு தொடங்குகிறது.

திருமுழுக்கே இல்லாத சபை இச்சிக்கலை எவ்வாறு கையாண்டது? குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சங்கத்திற்கு நீரும் இல்லை, குருவும் இல்லை. ஆகவே உறுப்பினர் யார் என்பதற்குக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பே சான்று. 1737இல் லண்டன் ஆண்டுக் கூட்டம் வகுத்த விதிகளுக்குத் தூண்டுதலாய் அமைந்தது இறையியல் அன்று; வறியவரைத் தாங்கும் பொறுப்பு எந்த மாதக் கூட்டத்துக்குரியது என்னும் கேள்வி. மனைவியும் மக்களும் குடும்பத் தலைவரின் கூட்டத்தினராகக் கொள்ளப்பட்டனர். விலக்கப்பட்டோரையும் அவர்கள் காரணத்தோடு எழுதிவைத்தனர் என்பது நம் நோக்கில் முதன்மையானது. சேர்ந்தவரை மட்டும் எண்ணும் ஆய்வாளருக்கு அந்த ஏடு இடம் கொடாது.

தஞ்சையில் இதன் தேவை 1833க்குப் பின் வெளிப்படுகிறது. சாதி வழக்கங்களைச் சபையிலிருந்து உடனே அகற்றவேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் அவ்வாண்டில் ஆணையிட்டார். அதற்கு முன்பே, 1829இல், அவ்வழக்கங்களை ஆதரித்து வேதநாயக சாஸ்திரியார் எழுதியிருந்தார். ஆணையை ஏற்காத பலர் ஆங்கிலிக்கச் சபையை விட்டு விலகினர். 1840களில் லைப்சிக் மிஷன் வேரூன்றியபோது சிலர் லுத்தரன் சபைக்குச் சென்றனர். இவர்கள் ஓர் ஏட்டில் இழப்பு, மற்றோர் ஏட்டில் வளர்ச்சி. இரு கணக்குகளையும் தனித்தனியே எடுத்தாளும் ஆய்வுகளில் ஒரே குடும்பம் ஒருமுறை காணாமற்போகிறது, மறுமுறை புதிதாய் மனம் திரும்புகிறது. எண்களைக் கூட்டுவதற்கு முன், பெயர்களை இரு சபை ஏடுகளிலும் அருகருகே வைத்துத் தேடும் பணி செய்யப்பட வேண்டும். அது நெடிய வேலை; கல்லறைக் கல்வெட்டுகளையும் நிலப் பத்திரங்களையும் உடன் கொள்ளாமல் அதைச் செய்ய இயலாது.